ஆழ உழும் கல்வி

நுழையும்முன்

ஒரே வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர் அனைவரும் ஒரே வேகத்தில் கற்பதில்லை. மெல்லக் கற்போருக்குக் கைகொடுக்க வேண்டும் என்பதைக் கல்வியுலகம் நன்கு உணர்ந்துள்ளது. விரைந்து கற்று, அடுத்த வினாவுக்காகக் காத்திருக்கும் மாணவருக்கும் ஆசிரியரின் துணை தேவை என்பது அந்த அளவுக்கு உணரப்படவில்லை. 'அகல உழுவதினும் ஆழ உழு' என்பது உழவர் வாய்மொழி. அந்த வாய்மொழி கணக்குப் பாடத்திற்கும் மொழிப் பாடத்திற்கும் எவ்வாறு பொருந்தும் என்பதைத் தகடூர் மண்ணின் சான்றுகளோடு இப்பாடம் விளக்குகிறது.

மீத்திறன் என்பது யாது?

வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதுகிறார். பெரும்பாலோர் குறிப்பேட்டில் அதனை எழுதி முடிப்பதற்குள் ஒரு மாணவி விடையைக் கண்டுவிடுகிறாள். பின்னர் அவள் செய்வதற்கு ஏதுமில்லை. சாளரத்தின் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளது பார்வையைக் கவனக்குறைவு எனக் கருதுவோர் உண்டு. 'முடித்துவிட்டாயா? இன்னும் பத்துக் கணக்குகளைப் போடு' என்போரும் உண்டு. முதலாவது அவளைத் தவறாக மதிப்பிடுவது. இரண்டாவது அவளது விரைவுக்குத் தண்டனை அளிப்பது. நாளடைவில் அவள் மெதுவாகச் செய்யக் கற்றுக்கொள்வாள். வகுப்பறை இழக்கும் திறன்களுள் பல இவ்வாறே ஓசையின்றி மறைகின்றன.

இத்தகைய மாணவரை மீத்திறன் மாணவர் என்பர். மதிப்பெண் மிகுதி மட்டுமே மீத்திறனின் அடையாளம் ஆகாது. அமெரிக்கக் கல்வியியல் அறிஞர் ஜோசப் ரென்சுல்லி 1978இல் மீத்திறனை மூன்று வளையங்களின் கூட்டாக விளக்கினார். சராசரிக்கு மேற்பட்ட ஆற்றல், படைப்புத்திறன், எடுத்த செயலில் ஈடுபாடு ஆகியனவே அவ்வளையங்கள். மூன்றும் ஒன்றையொன்று தழுவும் இடத்தில்தான் மீத்திறன் வெளிப்படுகிறது என்பது அவர் கருத்து. ஈடுபாடும் படைப்புத்திறனும் தூண்டுதல் பெற்றால் வளரும், பெறாவிடில் வாடும். எனவே மீத்திறன் பிறப்போடு முடிந்துவிட்ட செய்தியன்று. வகுப்பறையில் நிகழும் பாடத்திற்கும் அதில் பங்குண்டு.

இராமானுஜன் காட்டும் பாடம்

மீத்திறன் மாணவருக்கு உரிய பாடம் கிடைத்தால் என்ன நிகழும், கிடைக்காவிடில் என்ன நிகழும் என்னும் இரண்டையும் ஒருவருடைய வாழ்விலேயே காணலாம். ஈரோட்டில் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் சீனிவாச இராமானுஜன். பள்ளிப் பருவத்திலேயே வகுப்புக்கு மேற்பட்ட முக்கோணவியல் நூலைத் தாமே கற்றார். 1903ஆம் ஆண்டில், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்குக் கிடைத்தது. ஏறத்தாழ ஐயாயிரம் கணித முடிவுகளைக் கொண்ட அந்நூலில் விரிவான நிறுவல்கள் இல்லை. அந்தக் குறையே அவருக்கு வாய்ப்பாயிற்று. ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவிப் பார்க்க முனைந்தார். புதிய முடிவுகளையும் கண்டார்.

அந்த நூல் அவருக்கு ஆசிரியராக அமைந்தது. ஆனால், அவர் பயின்ற கல்விமுறையில் ஒரு துறையில் மட்டும் பேராற்றல் உடையவருக்கு இடமில்லை. கணக்கில் மூழ்கிப் பிற பாடங்களைப் புறக்கணித்ததால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பெற்ற உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் இடைநிலைத் தேர்வில் தேர்ச்சி பெற இயலவில்லை.

அந்நிலையில் அவருக்குக் கைகொடுத்தது ஓர் இதழ். 1907இல் தொடங்கப்பட்ட இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வாசகர்கள் வினாக்களை விடுக்கும் பகுதி ஒன்று இருந்தது. 1911இல் இராமானுஜன் அதில் வினா ஒன்றை விடுத்தார். ஒரு வர்க்கமூலத்திற்குள் மற்றொரு வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என முடிவின்றி நீளும் கோவை ஒன்றன் மதிப்பைக் கேட்பது அவ்வினா. பல மாதங்கள் கடந்தும் எவரும் விடை அனுப்பவில்லை. விடை 3 என அவரே பின்னர் விளக்கினார்.

அந்த விடைக்குச் செல்லும் பாதையைப் பதினோராம் வகுப்பு மாணவர் எவரும் நடந்து பார்க்கலாம். 3 என்பது 9இன் வர்க்கமூலம். 9 = 1 + 2 × 4. இங்குள்ள 4 என்பது 16இன் வர்க்கமூலம். 16 = 1 + 3 × 5. இங்குள்ள 5 என்பது 25இன் வர்க்கமூலம். 25 = 1 + 4 × 6. இவ்வாறே 6, 7, 8 என ஒவ்வோர் எண்ணையும் விரித்துக்கொண்டே சென்றால் அந்த முடிவிலாக் கோவை உருவாகிறது. இதன் அடியில் இருப்பது, ஓர் எண்ணின் வர்க்கம் அதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் பெருக்கி ஒன்றைக் கூட்டியதற்குச் சமம் என்னும் எளிய உண்மை. இவ்வுண்மை எட்டாம் வகுப்புப் பாடத்திலேயே அடங்கும். பாடத்தில் உள்ள ஒன்றை எவ்வளவு ஆழம்வரை தோண்டலாம் என்பதற்கு இது சான்று.

1913 சனவரியில் இராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதியதும், 1914இல் இங்கிலாந்து சென்றதும், 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானதும் பலரும் அறிந்தவை. நூல் ஒன்றும், வினா விடுக்கும் இதழ் ஒன்றும், மதித்துப் படிக்கும் ஆசிரியர் ஒருவரும் வேண்டும் என்பதே அவர் வாழ்வு கல்வியாளருக்குக் கூறும் செய்தி. அவை தற்செயலாக அவருக்குக் கிடைத்தன. தற்செயலை நம்பியிராமல் அவற்றைத் திட்டமிட்டு வழங்குவதே செறிவூட்டும் பாடத்தின் நோக்கம்.

விரைவும் ஆழமும்

மீத்திறன் மாணவருக்குக் கற்பிக்க உலகெங்கும் இருவழிகள் கையாளப்படுகின்றன. மேல்வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே கற்பிப்பது ஒரு வழி. இதனை விரைவுபடுத்தல் என்பர். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1971இல் ஜூலியன் ஸ்டான்லி தொடங்கிய ஆய்வுத்திட்டம் இவ்வழியைப் பெரிதும் வளர்த்தது. எடுத்துக்கொண்ட பாடத்தையே பல கோணங்களில் விரித்து, காரணம் கண்டு, பிற துறைகளோடு இணைத்துக் கற்பது மற்றொரு வழி. இதுவே செறிவூட்டல்.

விரைவுபடுத்தலுக்குத் தனி வகுப்பும் தனி ஆசிரியரும் தேவைப்படும். செறிவூட்டலோ இருக்கும் வகுப்பறையிலேயே நிகழக்கூடியது. அங்கேரி நாட்டின் ஜியோர் நகரப் பள்ளி ஆசிரியர் தானியேல் அரனி, 1894இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கெனக் கணித இதழொன்றைத் தொடங்கினார். திங்கள்தோறும் வினாக்கள் வெளிவரும். மாணவர் விடை எழுதி அனுப்புவர். சிறந்த விடைகள் எழுதியவர் பெயருடன் அச்சேறும். புகழ்பெற்ற கணித அறிஞர் பால் ஏர்தோஷ் தம் பள்ளிப் பருவத்தில் அவ்விதழுக்கு விடை எழுதியவர்களுள் ஒருவர்.

தமிழ்நாட்டிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. 1965இல் சென்னையில் உருவான இந்தியக் கணித ஆசிரியர் கழகம் மாணவர்க்கான கணிதப் போட்டிகளை நடத்தியும் இதழ் வெளியிட்டும் வருகிறது. சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக விளங்கிய பி. கே. சீனிவாசன், இராமானுஜனை அறிந்தவர்களின் கடிதங்களையும் நினைவுகளையும் திரட்டி 1968இல் நூலாக்கினார். செயல்வழிக் கணிதம் கற்பிப்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்ட அவர், சென்னை இராயபுரத்தில் 1993இல் தொடங்கப்பட்ட இராமானுஜன் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராகவும் விளங்கினார்.

கணக்குப் பாடம்: பூசணியும் முந்திரியும்

செறிவூட்டும் கணக்குப் பாடத்திற்கு அயல்நாட்டு நூல்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் என்னும் தமிழ்க் கணித நூல் அதற்கு உரிய களஞ்சியம். பூசணிக்காயை உடைக்காமலே அதன் விதைகளின் எண்ணிக்கையை அறிய ஒரு வழி அந்நூலில் கூறப்படுகிறது. காயின் மேலுள்ள கீற்றுகளை எண்ணி, அதனை மூன்றாலும் ஆறாலும் ஐந்தாலும் அடுத்தடுத்துப் பெருக்கி, பாதியாக்கி, மீண்டும் மூன்றால் பெருக்க வேண்டும் என்று அதற்குப் பொருள் கூறுவர்.

இதனை எல்லா மாணவரும் செய்து பார்க்கலாம். பத்துக் கீற்றுகள் இருந்தால் 30, 180, 900, 450, 1350 என விடை வரும். பாடம் இங்கே நின்றுவிட்டால் அது வெறும் பெருக்கல் பயிற்சி. செறிவூட்டல் இதன்பின் எழும் வினாக்களில் தொடங்குகிறது.

முதல் வினா: இத்தனை படிகளையும் ஒரே படியாகச் சுருக்க இயலுமா? கீற்றுகளின் எண்ணிக்கையை 135ஆல் பெருக்கினால் போதும் என மாணவர் காண்பர். அவ்வாறாயின் நூலாசிரியர் ஏன் ஐந்து படிகளாகக் கூறினார்? எழுதுகோலின்றி மனத்தால் கணக்கிடுவோர்க்குச் சிறிய எண்களால் படிப்படியாகப் பெருக்குவது எளிது என்பது ஒரு விடை. செய்யுளின் ஓசைக்கும் நினைவில் நிறுத்துவதற்கும் அது துணைசெய்யும் என்பது மற்றொரு விடை.

இரண்டாம் வினா: இவ்விதி உண்மையா? இதற்கு விடை நூலில் இல்லை. வயலிலும் சந்தையிலும் இருக்கிறது. மாணவர் சில காய்களை வாங்கி, கீற்றுகளை எண்ணி, அறுத்து, விதைகளை எண்ணலாம். விதியின்படி வரும் எண்ணையும் உண்மையான எண்ணையும் அட்டவணைப்படுத்தலாம். வேறுபாடு எவ்வளவு? கீற்று மிகுந்த காயில் விதையும் மிகுகிறதா? அளவில் பெரிய காயில் மிகுகிறதா? எத்தனை காய்களை அறுத்தபின் முடிவு கூறுவது முறையாகும்? அறிவியல் ஆய்வு முறையின் அடிப்படைகள் அனைத்தும் இவ்வினாக்களில் அடங்கியுள்ளன. பழைய நூல் கூறியது என்பதற்காக ஏற்பதும், பழைய நூல் என்பதற்காகத் தள்ளுவதும் ஆகிய இரண்டும் தவறு என்பதைப் பூசணிக்காயே கற்பித்துவிடும்.

மூன்றாம் வினா கணக்கிலிருந்து மொழிக்கும் வரலாற்றுக்கும் இட்டுச் செல்லும். சாம்பல் பூசணியில் கீற்றுகள் தெளிவாகத் தெரிவதில்லை. பறங்கிக்காயில் நன்கு தெரியும். பறங்கியோ அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டு, ஐரோப்பியர் வருகைக்குப் பின் இங்கு வந்தது. எனில் நூலில் குறிக்கப்படும் காய் எது? அப்பாடல் எக்காலத்தது? இவ்வினாவுக்கு ஆசிரியரிடமும் ஆயத்தமான விடை இருக்காது. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து தேடும் இடமே செறிவூட்டலின் உச்சம்.

தமிழ்ப் பின்ன எண்கள் இன்னும் ஆழமான பாடத்திற்கு இடமளிக்கின்றன. இருபதில் ஒரு பங்கு மா. எண்பதில் ஒரு பங்கு காணி. முந்நூற்று இருபதில் ஒரு பங்கு முந்திரி. ஒரு முந்திரியை மீண்டும் முந்நூற்று இருபது பங்காக்கினால் அதில் ஒன்று கீழ்முந்திரி. திண்ணைப் பள்ளி மாணவர் இவற்றை எண்சுவடி வழியே மனப்பாடம் செய்தனர்.

ஒரு மூட்டைக் கேழ்வரகை மூவருக்குச் சமமாகப் பகிர வேண்டும் எனக் கொள்வோம். மூட்டையில் 320 முந்திரி. ஒருவருக்கு 106 முந்திரி என மூவருக்கும் 318 போக, 2 முந்திரி மிஞ்சும். அந்த 2 முந்திரி 640 கீழ்முந்திரி ஆகும். ஒருவருக்கு 213 என மூவருக்கும் 639 போக, 1 கீழ்முந்திரி மிஞ்சும். அதனையும் 320 கூறாக்கினால் ஒருவருக்கு 106, மிச்சம் 2. மீண்டும் 213, மிச்சம் 1. இவ்வாறு 106, 213, 106, 213 என வந்துகொண்டே இருக்கும். பகிர்வு ஒருநாளும் முடியாது.

ஏன் முடியவில்லை? 320இன் பகாக்காரணிகள் 2உம் 5உம் மட்டுமே. 3 அவற்றுள் இல்லை. எத்தனை முறை 320ஆல் பெருக்கினாலும் 3 அதில் நுழைய வழியில்லை. இதனைக் கண்டுகொண்ட மாணவர் அடுத்த படிக்குச் செல்லலாம். பத்தின் பகாக்காரணிகளும் 2உம் 5உமே. எனவே தசம முறையில் முடிவுறும் பின்னங்கள் எவையோ, அவையே முந்திரி முறையிலும் முடிவுறும். மூன்றில் ஒரு பங்கும் ஏழில் ஒரு பங்கும் இரண்டிலும் முடிவுறா. தொடர்பற்றவைபோல் தோன்றும் இரு எண்முறைகளுக்கிடையே நிலவும் இந்த ஒற்றுமையைத் தாமே காணும் மாணவர், கண்டறிதலின் இன்பத்தை அறிந்தவர் ஆவர்.

மொழிப் பாடம்: ஒரு போரும் பல சான்றுகளும்

கணக்கில் மட்டுமன்றி மொழியிலும் மீத்திறன் உடைய மாணவர் உளர். மொழிப் பாடத்தில் மிகுதியான மனப்பாடமும் மிகுதியான கட்டுரைகளும் செறிவூட்டல் ஆகா. ஒரு பனுவலை எத்தனை நுட்பமாகப் படிக்க முடியும் என்பதே அளவுகோல்.

இன்றைய தருமபுரியே சங்ககாலத் தகடூர். அதனைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றபோது பாடியதாக அறியப்படுவது புறநானூற்றின் 95ஆம் பாடல். மயிற்பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மாளிகையில் இருக்கும் படைக்கலங்களையும், பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கும் படைக்கலங்களையும் அப்பாடல் எதிரெதிரே நிறுத்துகிறது. புகழ்வதுபோல் பழித்தல் என்னும் உத்தியை இப்பாடலில் எல்லா மாணவரும் கற்கின்றனர்.

செறிவூட்டும் பாடம் இங்கு ஒரு வினாவைச் சேர்க்கிறது: பாடலின் அடிகளில் தொண்டைமான் பெயர் எங்கே உள்ளது? தேடும் மாணவர் வியப்படைவர். பாடலில் தொண்டைமான் பெயரும் இல்லை. அதியமான் பெயரும் இல்லை. இன்னார் இன்னாரிடம் தூது சென்றபோது பாடியது என்னும் செய்தி, பாடலின் கீழ் அமைந்த குறிப்பில்தான் உள்ளது. அத்தூதால் போர் நின்றதா என்பதற்கும் பாடலில் விடை இல்லை. பாடல் கூறுவது எது, குறிப்பு கூறுவது எது, பின்வந்தோர் ஊகித்தது எது என மூன்றையும் பிரித்தறியும் பயிற்சியே உயர்நிலை மொழிக்கல்வியின் தொடக்கம். இதனை அடுத்துத் திருக்குறளின் தூது அதிகாரத்தைப் படித்து, வள்ளுவர் கூறும் தூதரின் இலக்கணம் ஔவையாரின் சொற்களில் எந்த அளவு பொருந்துகிறது என ஆராயலாம்.

தகடூரைப் பெருஞ்சேரல் இரும்பொறை வென்ற போர் மற்றொரு பாடத்திற்கு உரியது. வென்றவன் புகழை அரிசில்கிழார் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியுள்ளார். அதியமானை இழந்த ஔவையாரின் கையறுநிலைப் பாடல் புறநானூற்றில் 235ஆம் பாடலாக உள்ளது. இப்போரைப் பொருளாகக் கொண்ட தகடூர் யாத்திரை என்னும் நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் தொல்காப்பிய உரையிலும் எடுத்தாளப்பட்ட சில பாடல்களே எஞ்சியுள்ளன. வென்றவரின் குரல் ஒன்று, இழந்தவரின் குரல் ஒன்று, சிதைந்த ஏடு ஒன்று என மூன்றையும் முன்வைத்து, 'இப்போரைப் பற்றி உறுதியாகக் கூறக்கூடியவை யாவை?' என்று கேட்டால் மாணவர் ஆய்வாளராக மாறுவர்.

இலக்கியச் சான்றுக்குக் கல்வெட்டும் துணைநிற்கிறது. 1981இல் கண்டறியப்பட்ட ஜம்பைத் தமிழிக் கல்வெட்டு, சமணர்க்குரிய குகைத்தளத்தை அதியமான் நெடுமான் அஞ்சி வழங்கிய செய்தியைக் கூறுகிறது. அவனைச் சதியபுதன் எனக் குறிக்கிறது. அசோகரின் கல்வெட்டுகள் தம் ஆட்சிக்கு வெளியே இருந்தோராகச் சேர, சோழ, பாண்டியரோடு குறிப்பிடும் சதியபுத்திரர் யார் என்னும் நீண்டகால வினாவுக்கு இக்கல்வெட்டு விடையளித்தது. ஓர் ஊர்ப்பெயரும் ஒரு பாடலும் ஒரு பாறையும் இணைந்து ஒரு வரலாற்றை நிறுவுகின்றன. கணக்கில் நிறுவல் எவ்வாறோ, மொழியில் சான்று அவ்வாறு.

தெரிந்து தெளிவோம்

தருமபுரி மாவட்டம் நடுகற்கள் மிகுந்த நிலப்பகுதி. ஆநிரை மீட்கும் பூசலில் உயிர்நீத்த வீரர்க்கு எடுக்கப்பட்ட கற்கள் பல இங்குக் கிடைத்துள்ளன. அவற்றுட் சில வட்டெழுத்துப் பொறிப்புகள் உடையவை. தருமபுரியில் உள்ள அகழ்வைப்பகத்தில் இத்தகைய நடுகற்களைக் காணலாம். அரசனைப் பாடும் இலக்கியத்தில் பெயர் பெறாத எளிய வீரனின் பெயரை நடுகல் தாங்கி நிற்கிறது.

பாடம் வகுக்கும் நெறிகள்

மேற்கண்ட எடுத்துக்காட்டுகளிலிருந்து செறிவூட்டும் பாடத்தை வடிவமைக்கும் நெறிகள் சிலவற்றைத் தொகுத்துக் கொள்ளலாம்.

முதலாவது, வாயில் தாழ்வாகவும் முகடு உயரமாகவும் அமைதல் வேண்டும். பூசணிக் கணக்கின் முதற்படியில் எவரும் நுழையலாம். அதன் இறுதிப்படி ஆசிரியரையும் சிந்திக்க வைக்கும். ஒரே வினாவிலிருந்து ஒவ்வொரு மாணவரும் தம்மால் இயன்ற உயரம்வரை ஏறலாம்.

இரண்டாவது, செறிவூட்டல் கூடுதல் சுமையாதல் கூடாது. ஒரு பகுதியைத் தெளிவாக அறிந்துவிட்ட மாணவரை அதே வகையில் இருபது கணக்குகள் செய்யச் சொல்வதில் பயனில்லை. அறிந்தமையை உறுதிசெய்து, அந்தப் பயிற்சிகளைக் குறைத்து, மீந்த நேரத்தை ஆழ்ந்த வினாவுக்கு ஒதுக்க வேண்டும்.

மூன்றாவது, விடையோடு காரணமும் கேட்கப்பட வேண்டும். 106, 213 என எண்கள் திரும்பி வருவதைக் காண்பது முதல் நிலை. அவை ஏன் திரும்பி வருகின்றன என நிறுவுவது அடுத்த நிலை. அந்த நிறுவலைப் பிறர் ஐயமின்றி உணருமாறு நல்ல தமிழில் எழுதுவது கணக்கும் மொழியும் சந்திக்கும் இடம். எண்ணில் வல்லவர் எழுத்தில் தயங்குவதும், எழுத்தில் வல்லவர் எண்ணை அஞ்சுவதும் இப்பயிற்சியால் குறையும்.

நான்காவது, மாணவரின் உழைப்பைப் படிக்க ஒருவராவது வேண்டும். இராமானுஜனுக்கு ஓர் இதழ் கிடைத்தது. பள்ளியின் சுவரிதழ், இலக்கிய மன்றம், கணித மன்றம், கண்காட்சி ஆகியன அப்பணியைச் செய்யும். திங்கள்தோறும் ஒரு வினாவைச் சுவரிதழில் எழுதி, சிறந்த விடையை எழுதியவர் பெயருடன் வெளியிடுவதற்குச் செலவு ஏதுமில்லை.

ஐந்தாவது, தவறுவதற்கு இடமளித்தல் வேண்டும். எப்போதும் முழு மதிப்பெண் பெறும் மாணவர், விடை தெரியாத வினாவைக் கண்டால் அஞ்சுவது இயல்பு. விடை காண இயலாமல் ஒரு வாரம் போராடுவதும் கற்றலே என அவர்கள் உணர வேண்டும்.

எவருக்கு உரியது?

மீத்திறன் மாணவர்க்கெனச் சில தேர்வுகளை அரசு நடத்துகிறது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வு, ஊரகப் பகுதி மாணவர்க்கான திறனாய்வுத் தேர்வு, பதினோராம் வகுப்பு மாணவர்க்கெனத் தமிழ்நாடு அரசு 2022 முதல் நடத்திவரும் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு ஆகியன அவற்றுட் சில. இறுதியாகக் கூறிய தேர்வில் தேர்ந்தெடுக்கப்படும் 1500 மாணவர்க்குத் திங்கள்தோறும் 1500 ரூபாய் வீதம் இரண்டாண்டுகள் உதவித்தொகை வழங்கப்படுகிறது. அவர்களுள் பாதிப் பேர் அரசுப் பள்ளி மாணவர். இத்தேர்வுகள் திறனை அடையாளம் காட்டுகின்றன. வறுமை தடையாகாமல் காக்கின்றன. எனினும் ஒரு நாள் தேர்வு ஆண்டு முழுவதற்குமான உணவாகாது. நாள்தோறும் நிகழும் பாடமே திறனை வளர்க்கிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 விழுக்காடு. தமிழ்நாட்டின் மாவட்டங்களுள் அதுவே மிகக் குறைந்த அளவு. தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த மாணவர் பலர் இம்மாவட்டத்தில் உள்ளனர். வேலை தேடி வெளியூர் செல்லும் பெற்றோரின் பிள்ளைகள் உள்ளனர். மலைவாழ் மக்களின் பிள்ளைகள் உள்ளனர். அவர்களுடைய வீடுகளில் நூலடுக்குகள் இருப்பது அரிது. தனிப்பயிற்சிக்குச் செலவிட வழியிருப்பதும் அரிது. இத்தகைய இடத்தில், 'அடிப்படையைக் கற்பித்தால் போதும். செறிவூட்டல் நகரத்துப் பள்ளிகளுக்கு உரியது' என எண்ணுவது எளிது. அந்த எண்ணமே பெருந்தீங்கு. நகரத்து மாணவருக்குப் பள்ளி தவறவிடுவதை வீடு ஈடுசெய்யக்கூடும். முதல் தலைமுறை மாணவருக்கு வகுப்பறையில் கிடைக்காத வினா வேறெங்கும் கிடைக்காது.

சந்தையில் தாயின் அருகே அமர்ந்து எடைக்கும் விலைக்கும் மனக்கணக்குப் போடும் சிறுவனின் திறன் தேர்வுத்தாளில் தெரியாமற் போகலாம். பாட்டியின் விடுகதைகளையும் கதைகளையும் நூற்றுக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும் சிறுமி எழுத்துப்பிழையால் மதிப்பெண் இழக்கலாம். எனவே முன்னரே சிலரைத் தேர்ந்து, அவர்க்கு மட்டும் செறிவூட்டும் பாடத்தை வழங்குவது ஆபத்தானது. 'இவர் மீத்திறன் உடையவர். இவர் இல்லாதவர்' என முத்திரை குத்துவது இரு சாராரையும் பாதிக்கும். முன்னவர் தோல்வியை அஞ்சுவர். பின்னவர் முயற்சியைக் கைவிடுவர். ஆழமான வினாவை வகுப்பு முழுவதற்கும் விடுத்து, எவர் முன்வருகிறார் எனக் கவனிப்பதே தக்க வழி. எதிர்பாராத இருக்கையிலிருந்து கை உயர்வதை அப்போது காணலாம்.

மீத்திறன் மாணவருக்கென வகுக்கப்படும் நல்ல பாடம் முடிவில் அனைவர்க்கும் நல்ல பாடமாகிறது. பூசணியை அறுத்து விதையை எண்ணும்போது வகுப்பு முழுவதும் எண்ணுகிறது. பாடலில் இல்லாத பெயரைத் தேடும்போது வகுப்பு முழுவதும் தேடுகிறது. அவர்களுள் ஒருத்தி அந்தத் தேடலை வீட்டிற்கும் எடுத்துச் சென்று, மறுநாள் புதிய வினாவோடு திரும்பி வருவாள். அவ்வினாவைக் கேட்க ஓர் ஆசிரியரும், அதனை எழுத ஒரு சுவரிதழும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் கிடைக்கும் மூன்று பறங்கிக்காய்களின் கீற்றுகளையும் விதைகளையும் எண்ணி, கணக்கதிகாரம் கூறும் விதியோடு ஒப்பிட்டு அட்டவணை தயாரிக்க.

2. ஐந்தில் ஒரு பங்கு, ஏழில் ஒரு பங்கு ஆகிய பின்னங்களை முந்திரி, கீழ்முந்திரி அளவுகளில் எழுத முயன்று, காணும் வேறுபாட்டிற்கான காரணத்தை ஒரு பத்தியில் எழுதுக.

3. ஔவையாரின் கூற்றைக் கேட்ட தொண்டைமான் என்ன மறுமொழி கூறியிருப்பான் எனக் கற்பனை செய்து, உரையாடலாக எழுதி வகுப்பில் நடித்துக் காட்டுக.

4. உங்கள் ஊரிலோ அண்மையிலோ உள்ள நடுகல், கல்வெட்டு ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டு, அது கூறும் செய்தியையும் அதைப் பற்றி ஊரார் கூறும் செய்தியையும் தனித்தனியே பதிவு செய்க.

5. வகுப்பின் சுவரிதழில் 'இத்திங்கள் வினா' என்னும் பகுதியைத் தொடங்கி நடத்துக.

பாடநூல் வினாக்கள்

குறுவினா

1. ரென்சுல்லி குறிப்பிடும் மூன்று வளையங்கள் யாவை?

2. மா, காணி, முந்திரி ஆகியன குறிக்கும் பின்ன அளவுகளை எழுதுக.

3. ஜம்பைக் கல்வெட்டு உணர்த்தும் செய்தி யாது?

சிறுவினா

1. விரைவுபடுத்தல், செறிவூட்டல் ஆகியவற்றை வேறுபடுத்துக.

2. ஒரு பொருளை மூவருக்கு முந்திரிக் கணக்கில் பகிர்ந்தால் மிச்சமின்றி முடியாமைக்குக் காரணம் கூறுக.

3. பாடல் கூறுவதையும் குறிப்பு கூறுவதையும் பிரித்தறிய வேண்டியதன் தேவையைப் புறநானூற்றின் 95ஆம் பாடல்வழி விளக்குக.

நெடுவினா

1. செறிவூட்டும் பாடத்தை வடிவமைக்கும் நெறிகளை எடுத்துக்காட்டுகளுடன் விவரிக்க.

2. 'முதல் தலைமுறை மாணவருக்கு வகுப்பறையில் கிடைக்காத வினா வேறெங்கும் கிடைக்காது' – இக்கூற்றை உங்கள் பட்டறிவின் துணையோடு ஆராய்ந்து எழுதுக.